ஒன்பது பாட்டுள்ள கேசட்

அந்தச் சனிக்கிழமை காலை என் மனைவி ஆதம்பாக்கத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அதனால்தான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவள் வீட்டில் இருந்திருந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். நான் சொல்லப்போவதில் எதுவுமே நடந்திருக்காது.

அலுவலக நண்பர் ஒருவர் வீடு மாற்றும்போது ஒரு பழைய டேப் டெக்கை என் தலையில் கட்டியிருந்தார். ரிச்சி தெருவில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்து பெல்ட் மாற்றி வாங்கி வந்து, இரண்டு ஸ்பீக்கர்களோடு இணைத்தேன். பிறகு பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்தேன். வேறெதையும் எடுக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. பதினைந்து வருடங்களாவது இருக்கும், அதைக் கேட்டு. வாங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் கால் நூற்றாண்டுக்கு மேல்.

வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அப்போது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். ஆடி மாதம். அம்மனுக்குப் பாட்டு கேசட் ஒன்று வாங்கி வரச் சொல்லி அம்மா என்னை தி.நகருக்கு அனுப்பினாள். கடையில் பக்திப் பாடல் வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே போனபோது, மஞ்சளும் குங்குமமுமாக இருந்த உறைகளுக்கு நடுவில் ஒரு கறுப்பு உறை வந்தது. நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. சாமி படமும் இல்லை, ஆள் படமும் இல்லை. ஒரு பேண்டின் பெயர், ஒன்பது பாட்டுத் தலைப்புகள், வடபழனியில் பதிவு செய்யப்பட்டது என்று ஒரு வரி. வெளியிட்டது பக்திப் பாடல் கம்பெனி என்பதால் கடைக்காரர் அதை அந்த வரிசையிலேயே செருகியிருக்க வேண்டும். அம்மன் கேசட்டோடு அதையும் ஏன் வாங்கினேன் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தச் சிவப்புக் கோடு பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆர்வமாகக் கேசட்டுகளைப் பையிலிருந்து எடுத்து, கறுப்பு உறையைத்தான் முதலில் பிரித்து, பிளேயரில் போட்டாள். முதலில் பேஸ் கித்தார் மட்டும் தனியாக நடந்து வந்தது. அதன் மேல் தகரத்தைக் கீறுவதுபோல் இன்னொரு கித்தார். பிறகு ஒரு குரல், பாடுவதற்கும் திட்டுவதற்கும் நடுவில் எங்கோ நின்றுகொண்டு, "குடம் ரெண்டு, கை ரெண்டு, லாரி ஒண்ணு" என்றது.

அம்மா என்னைப் பார்த்தாள். "அம்மன் பாட்டுன்னு சொல்லியா இதைக் குடுத்தான்?"

"இல்லம்மா, இது வேற. எனக்கு."

"உனக்கு எதுக்கு இது? தெனம் காலைல கீழ பம்புகிட்ட இதைத்தானே கேக்கறோம்."

அவள் குறையாகச் சொன்னாள். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதுவரை நான் கேட்ட பாட்டுகளில் நிலா இருந்தது, பூ இருந்தது, மலைச்சரிவில் ஆடுகிறவர்கள் இருந்தார்கள். இதில் நான் குடத்தோடு நின்ற வரிசை இருந்தது. ஃபுட்போர்டில் தொங்குகிறவனைப் பற்றி ஒரு பாட்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைப் பற்றி ஒரு பாட்டு. அதில் "ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே" என்பதைத் தவிர வரியே கிடையாது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, வேலை கிடைக்காத ஒருவனுக்குப் பைத்தியம் பிடிப்பது காதால் கேட்கும். அந்த மாதம் நானும் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்!

இந்த மாதிரி இசைக்குப் போஸ்ட்-பங்க் என்று பெயர் இருப்பது பல வருடம் கழித்து இன்டர்நெட் வந்த பிறகுதான் தெரிந்தது. பங்க் என்ற முரட்டு இசை சீக்கிரமே களைத்துப்போனதும், அந்தக் கோபத்தை விட்டுவிடாமல், ஆனால் கொஞ்சம் யோசித்து, பேஸை முன்னால் நிறுத்தி, இடைவெளி விட்டு வாசித்தவர்களின் இசை. அதையெல்லாம் படித்துவிட்டு, "இது சென்னையில் நடந்திருக்கிறதே!" என்று தனியாகக் குதித்தேன். இன்டர்நெட் குழுக்களில் எழுதிக் கேட்டேன், தெரிந்தவர்களை எல்லாம் விசாரித்தேன். அந்தப் பேண்டைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒருவர், "அப்படி ஒரு பேண்டே இருந்திருக்காது சார், வேற எதையோ கேட்டுட்டுக் குழப்பிக்கறீங்க" என்று பதில் போட்டார். என்னிடம் கேசட் இருந்தது. பிளேயர்தான் இல்லை.

ஆகவே அந்தச் சனிக்கிழமை. அடையாறில் நாங்கள் இருப்பது பழைய அபார்ட்மென்ட், இரண்டாவது மாடி. முதல் பாட்டு ஆரம்பித்து, பேஸ் நடந்து வந்து, லாரிப் பாட்டின் அந்தக் குரல் வந்தபோது காலிங் பெல் அடித்தது.

கதவைத் திறந்தால் எங்கள் அசோசியேஷன் செயலாளர் அம்மா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் மாடியில் இருக்கிறார், வங்கி வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கியவர், தனியாள். தண்ணீர் லாரியிலிருந்து லிஃப்ட் பராமரிப்பு வரை எல்லாம் அவர் கையில். என் கார் கோட்டைத் தாண்டி நின்றால் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார், கீழே ஒரு வார்த்தைகூட எழுதாமல். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் நான் கைக்குட்டையைத் தேடுவதுபோல் நின்றுவிட்டு, அவர் போன பிறகு இறங்குவேன்.

"சார், உங்க வீட்டுச் சத்தம் கீழ பார்க்கிங் வரைக்கும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"சாரி மேடம், இதோ குறைச்சுடறேன்" என்று உள்ளே ஓடினேன்.

"குறைக்காதீங்க."

திரும்பிப் பார்த்தேன். அவர் உள்ளே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"தி.நகர்ல மேடம். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி."

"காசு குடுத்தா வாங்கினீங்க?"

"ஆமா."

"அப்ப அது நீங்கதானா!" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், அவங்கல்லாம் கட்டாயத்துக்கு வாங்கினாங்க. கடையில காசு குடுத்து வாங்கின ஒரு ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

எனக்குப் புரியவில்லை. இதில் இவருக்கு என்ன சம்பந்தம்? அப்போது பாட்டில் அந்த "குடம் ரெண்டு" மறுபடி வந்தது. அவர் ஸ்பீக்கரைப் பார்த்தபடியே, மெல்ல, கூடவே சொன்னார். கேசட்டில் ஒரு குரல், என் ஹாலில் அதே குரல். இத்தனை வருடமாக அதை ஆண் குரல் என்று நினைத்திருந்தேன். மீசை, ஜிப்பா எல்லாம்கூட என் மனதில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

"மேடம்... நீங்களா பாடினது?"

"பாடினது, பேஸ் வாசிச்சது, எழுதினது. கவர்ல அந்தச் சிவப்புக் கோடு போட்டதும் நான்தான். லிப்ஸ்டிக்."

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஏதோ உளறியிருப்பேன். காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய், பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காபி போடாமல் திரும்பி வந்தேன். கேட்பதற்கு அவ்வளவு இருந்தது!

முதலில் லாரிப் பாட்டில் வரும் அந்த இரும்புச் சத்தம். கிறீச் என்று ஏறி, டங் என்று இறங்கும். ஏதோ விலையுயர்ந்த சிந்தசைசர் என்று நினைத்திருந்தேன்.

"அடிபம்பு. ஸ்டூடியோவுக்குப் பின்னாடி இருந்துச்சு. ஜன்னல் வழியா மைக் வயரை விட்டு, டிரம்மர்தான் போய் அடிச்சான். பக்கத்து வீட்டம்மா வந்து, சும்மா ஏன்டா தண்ணியை வீணாக்கறீங்கன்னு கத்தினாங்க. அதுவும் டேப்ல இருக்கு, உத்துக் கேட்டா கேக்கும்."

"குரல் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கே, அது?"

"அது எங்க ஐடியாவே இல்ல. இன்ஜினியர் எப்பவும் பக்திப் பாட்டு ரெக்கார்ட் பண்றவர். குரல்னா எக்கோ போட்டே ஆகணும், அப்பதான் கோயில் மாதிரி இருக்கும்னு போட்டுட்டாரு. நாங்க சண்டை போட்டோம். அப்புறம் கேட்டுப் பாத்தா, நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த எக்கோவைப் பற்றி நான் எத்தனை பேரிடம் தத்துவம் பேசியிருப்பேன்!

மூன்று பேர்தான் பேண்ட். அவர் கோபாலபுரம். கித்தார் வாசித்தவர் வீடு மயிலாப்பூர் மாடவீதிகளில் ஒன்றில். ஒத்திகை எல்லாம் அங்கேதான், மத்தியானம் பெரியவர்கள் தூங்காத நாட்களில். டிரம்மர் சாந்தோம் கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவர், சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்தவர். ஒன்றரை வருடம் இருந்தார்கள். கையில் எண்ணக்கூடிய மேடைகள். கடைசி நிகழ்ச்சியில், ஒரு கல்லூரியில், சினிமாப் பாட்டுப் பாடச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். இவர்கள் டைப்ரைட்டிங் பாட்டையே மூன்று தடவை வாசித்துவிட்டு இறங்கினார்களாம்.

"அதுக்கப்புறம் சண்டையா?"

"சண்டையா? ஒண்ணும் இல்ல சார். கித்தார்காரன் படிக்க வெளிநாடு போனான், டிரம்மர் வேலைக்குத் துபாய் போனான், நான் பேங்க் எக்ஸாம் எழுதினேன். சண்டை போட்டுப் பிரிஞ்சிருந்தாலாவது சொல்லிக்க நல்லா இருந்திருக்கும்."

கேசட்டின் இரண்டாம் பக்கம் போட்டேன். மூன்றாவது பாட்டு வந்தது. லாரிப் பாட்டின் மறுபாதி மாதிரி ஒன்று, அதே அடிபம்போடு, அதைவிட மெதுவாக, அதைவிடக் கோபமாக. அதன் நடுவில் என் கேசட்டில் ஒரு காயம் உண்டு. எங்கள் பழைய பிளேயர் அந்த இடத்தில் டேப்பை விழுங்கி, நான் பென்சிலால் சுற்றி மீட்டது. அங்கே குரல் தண்ணீருக்குள் போனதுபோல் மூழ்கி, கொஞ்ச நேரம் கழித்து மேலே வரும்.

அவர் நிமிர்ந்தார். "என்ன ஆச்சு?"

"டேப் கசங்கிடுச்சு மேடம். இந்த எடத்துல என்ன வரின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நானே ஏதேதோ போட்டுப் பாத்திருக்கேன். என்ன அது?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். உதடு அசைந்தது, நின்றது. "தெரியல சார். மறந்துடுச்சு. என் காப்பி வெள்ளத்துல அம்மா வீட்டு பீரோவோட போச்சு. மத்த ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. எங்களுக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான் பாக்கி."

இந்தக் கேசட்டை நான் எத்தனை வீடு மாற்றங்களில் பழைய செய்தித்தாளோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன்!

அவர் போனை எடுத்தார். "இருங்க, ஒருத்தன்கிட்ட சொல்லணும்" என்று ஸ்பீக்கரில் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்து, ஒரு கரகரத்த குரல் எடுத்தது.

"மச்சி! இன்னா, ஒடம்பு நல்லா கீதா? கிறிஸ்மஸுக்கு மெசேஜ் போட்டா பதில் போடமாட்ட, இப்ப இன்னா திடீர்னு?"

எங்கள் செயலாளர் அம்மாவை ஒருவர் மச்சி என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டேன்.

"இதைக் கேளுடா" என்று போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார்.

அடிபம்பு கிறீச்சிட்டு இறங்கியது. பிறகு, "அட நைனா! அது நாந்தானே அடிக்கிறேன்! கேசட்டு எப்டி கெடச்சிது?"

"எங்க செகண்ட் ஃப்ளோர் சார்கிட்ட இருந்துச்சுடா. இத்தனை நாளா என் தலைக்கு மேலயே இருந்திருக்கு."

"நாளைக்கு எட்த்துக்கினு வா. பூசை முட்ச்சிட்டு குடோன்லதான் இருப்பேன். அந்த சாரையும் இட்டுக்கினு வா, ஒரு கும்பிடு போட்டுக்கிறேன்."

சாயங்காலம் மனைவி வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கைப்பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"செக்ரட்டரி அம்மாவா? நம்ம காரைப் போட்டோ எடுத்துப் போடுவாங்களே, அவங்களா?"

"அவங்கதான்!"

"நீங்க அடிக்கடி முணுமுணுப்பீங்களே, ஏ எஸ் டி எஃப், அதுவா?"

"அதேதான்!"

"நானும் வரேன்" என்றாள். கல்யாணமானதிலிருந்து அந்தக் கேசட்டைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் காதில் வாங்காமல் இருந்தவள்.

மறுநாள் டெக்கை ஒரு போர்வையில் சுற்றிப் பின் சீட்டில் வைத்து, மனைவி அதைப் பிடித்துக்கொள்ள, செயலாளர் அம்மா முன்னால் உட்கார, சாந்தோம் போனோம். நான் வேகத்தடைகளில் அவ்வளவு மெதுவாக ஏறி இறங்கியதில்லை. வழியெல்லாம் செயலாளர் அம்மாவின் விரல்கள் தொடையில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தன. பேஸ் வாசிக்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

டிரம்மர் துபாயிலிருந்து திரும்பி மைக்செட் வாடகைத் தொழில் செய்கிறார். குடோன் என்பது சர்ச்சுக்குப் பின் பக்கம், கடலைப் பார்த்த ஒரு நீளமான அறை. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், சீரியல் லைட் மூட்டைகள், மூலையில் யாருடையதோ ஒரு வலை. வாசலுக்கு எதிரே அவர் அக்கா குடை நிழலில் மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். டிரம்மர் வேட்டி, வெள்ளைச் சட்டை, தலை முழுக்க நரை, சட்டைப் பையில் கண்ணாடி. செயலாளர் அம்மாவைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தோளில் அடித்துக்கொண்டார்கள். பிறகு டிரம்மர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"சார், நீங்க ஒர்த்தர்தான் எங்க ஆடியன்ஸு. எங்க சார் இருந்தீங்க இவ்ளோ நாளா?"

"நான் மயிலாப்பூர்லதான் சார் இருந்தேன்" என்றேன். அதுதான் உண்மை. அவர்கள் ஒத்திகை பார்த்த வீட்டிலிருந்து எங்கள் போர்ஷன் கூப்பிடு தூரம்.

நாலு பெட்டிகளை இணைத்தார். கேசட்டைப் போட்டு, பட்டனை அழுத்தி, பின்னால் நகர்ந்து நின்றார்.

என் வீட்டு ஸ்பீக்கரில் நான் கேட்டது வேறு. அம்மாவின் பிளேயரில் கேட்டதும் வேறு. இப்போது பேஸ் தரை வழியாக வந்தது. உள்ளங்காலில் தொடங்கி, முழங்காலில் ஏறி, நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கித்தார் எங்கள் தலைக்கு மேல் தகரக் கூரையைக் கீறிக்கொண்டு போனது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே யாரோ இருமுவது கேட்டது. பம்புக்குப் பின்னால் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா கத்துவது, இதோ, தெளிவாக! என் மனைவி என் கையைக் கிள்ளி, "அந்தம்மா சொல்றது கேக்குதுங்க!" என்று கத்தினாள். நானும் எதையோ கத்தினேன். ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை, யாருக்கும் அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

டிரம்மர் மீன் அடுக்கும் நீல பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அதில் அடிக்க ஆரம்பித்திருந்தார். டைப்ரைட்டிங் பாட்டில் கேசட்டுக்கு முன்னால் ஓடினார், பிறகு பின்தங்கினார், பிறகு சரியாகப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். வியர்வை கொட்டியது. வாசலில் மீன் வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

இரண்டாம் பக்கம். மூன்றாவது பாட்டு. காயம்பட்ட இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டேன், இந்தப் பெட்டியிலாவது ஏதாவது கேட்காதா என்று. குரல் மூழ்கியது.

அப்போது செயலாளர் அம்மா பாடினார். கண் திறந்திருந்தது, எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பாடியதாகத் தெரியவில்லை. டேப் விட்ட இடத்தில், ஒரு தாளம்கூடத் தப்பாமல், அவர் வாய் எடுத்துக்கொண்டது.

"வரிசையில நான் நிக்கல,
வரிசை என் மேல நிக்குது.
காலிக் கொடத்துக்குள்ள வாயை வெச்சு
என் பேரைச் சொல்லிப் பாத்தேன்,
வேற யாரோ என்னன்னு கேட்டாங்க."

கேசட்டில் குரல் மேலே வந்தது. இவர் நிறுத்தினார். பாட்டு தொடர்ந்து போனது. டிரம்மரின் கை மட்டும் கிரேட்டின் மேல் அப்படியே நின்றிருந்தது.

இருபத்தைந்து வருடம் அந்த இடத்தில் நான் என்னென்னவோ வரிகளை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது. சிரிப்பு வந்தது. மனைவியிடம், "கேட்டியா? காலிக் கொடத்துக்குள்ள! கேட்டியா?" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

"எப்டி மச்சி ஞாபகம் வந்துச்சு?" என்று டிரம்மர் கேட்டார்.

"எனக்கு எங்க வந்துச்சு? நீ அடிச்ச, அது வந்துச்சு" என்றார் அவர். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது.

கேசட் முடிந்ததும் டிரம்மரின் அக்கா எழுந்து வந்தார், கையைப் புடவையில் துடைத்தபடி. "இன்னா பாட்டுடா இது, ஒரே சண்டையா கீது? காது போச்சு எனுக்கு." பிறகு, "அந்தக் கொடம் பாட்டு மட்டும் நல்லா கீது. அத்த இன்னொருக்கா போடு" என்றார்.

போடுவதற்கு முன்னால், ஆஸ்திரேலியாவில் இருக்கும் கித்தார்காரரைக் கூப்பிடலாம் என்றார் டிரம்மர். அங்கே மத்தியானம் தாண்டியிருந்தது. வீடியோவில் ஒரு வழுக்கைத் தலையும் கையில் ஒரு ரப்பர் குழாயும் தெரிந்தன.

"என்னடா இது, ரெண்டு பேரும் சேர்ந்து? ஆத்துல செடிக்குத் தண்ணி விட்டுண்டிருக்கேன். யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. நீ வாய மூடிக்கினு கேளு" என்று டிரம்மர் பட்டனை அழுத்தினார்.

கித்தார் ஆரம்பித்த உடனே அவர், "ஐயய்யோ, நிறுத்து, நிறுத்து! என் சுருதியே சேரலை! மேல் தந்தி எறங்கியிருக்கு பார்!" என்று அலறினார்.

"அன்னிக்கும் இதான் சொன்ன நீ."

"அன்னிக்குச் சொன்னா நீங்க ரெண்டு பேரும் கேட்டேளா?" என்றார். குழாயிலிருந்து தண்ணீர் அவர் செருப்பின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. "சரி. முதல்லேர்ந்து போடு" என்றார். ஒன்பது பாட்டும் முடியும்வரை அவர் போனை வைக்கவில்லை.

அடுத்து வந்த வாரக் கடைசிகளில் கேசட்டைக் கணினியில் ஏற்றினேன். வாகன இன்சூரன்ஸ் சர்வேயர் நான். நசுங்கிய பானெட்டுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவன். ஒலியைச் சுத்தம் செய்வதெல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கசங்கிய இடத்தில் இப்போது அவரைப் பாட வைத்து ஒட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் சார்" என்றார். "அது இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு பாடினது. நடுவுல என்னைக் கொண்டுபோய்ச் சொருகாதீங்க. கெட்டுப்போனது அப்படியே இருக்கட்டும். வரியை மட்டும் கீழ எழுதிப் போடுங்க."

அப்படியே இன்டர்நெட்டில் போட்டோம். உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. ஆனால் கேட்கிறார்கள், தினமும் சில பேர். எங்கிருந்தோ ஒருவர், அந்த இரும்பு வாத்தியத்தின் பெயர் என்ன, எங்கே வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தார். டிரம்மருக்கு அதைப் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் சிரித்தார். போன வாரம் என் கார் மறுபடி கோட்டைத் தாண்டி நின்றது. குழுவில் போட்டோ வந்தது, வழக்கம்போல ஒரு வார்த்தையும் இல்லாமல். அந்த விஷயத்தில் எந்தச் சலுகையும் கிடையாது.

டிசம்பரில் கித்தார்காரர் வருகிறார், மூன்று வாரத்துக்கு. அதற்குள் இவர்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் குடோனில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். பழைய பாட்டுகளுக்காக என்று நினைத்துத்தான் முதல் வாரம் நான் போனேன். செயலாளர் அம்மா புது பேஸ் ஒன்று வாங்கியிருந்தார், விரல் நுனியெல்லாம் கொப்புளம். டிரம்மர் சர்ச்சிலிருந்து ஒரு பழைய டிரம் செட்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

"எந்தப் பாட்டு மேடம்?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாது சார். நேத்துதான் எழுதினேன்."

அவர் இரண்டு சுரங்களை மட்டும் மாற்றி மாற்றி வாசிக்கத் தொடங்கினார். டிரம்மர் தலையைச் சாய்த்துக் கேட்டார், உள்ளே வர இடம் தேடுகிறவர் மாதிரி. ஒரு இடத்தில் வந்தார். பிறகு குரல் வந்தது. இதில் எக்கோ இல்லை, கிணறு இல்லை. காய்ந்த, பக்கத்தில் நிற்கிற, ஐம்பதைத் தாண்டிய குரல். பாட்டு முடிகிற இடத்தில் இருவரும் வேறு வேறு நேரத்தில் நின்றார்கள்.

நான் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன்.

"இருங்க சார்" என்றார் டிரம்மர், குச்சிகளைத் தூக்கியபடி. "அதுக்குள்ள சொல்லிடாதீங்க. இன்னொருக்கா கேளுங்க."